ரப்பர் வளையத்தின் மேல் போட்ட பழி

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழே காலுக்குக் கருவியை முக்காலியில் ஏற்றி நிறுத்தினேன். புதுச் சாலைக்கான நில அளவை. இன்றைய பங்கு பதினாறு எல்லைக் கற்கள். அளவுகளைக் கருவியே பதிந்துகொள்ளும் என்றாலும் முப்பத்தொரு வருடப் பழக்கம், ஃபீல்டு புக்கில் கையாலும் எழுதுவேன். பன்னிரண்டாவது கல்லின் கோணத்தை எழுதிக்கொண்டிருந்தபோது முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. கையைப் பார்த்தேன். காயம் இல்லை.

பிறகுதான் புரிந்தது. மூக்கின் வலப்பக்கம், கண்ணின் உள்மூலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் அந்தப் பழைய புண். கருவியில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் ரப்பர் வளையம் மிகச் சரியாக அங்கேதான் வந்து உட்காரும்.

கொக்கு திரும்பி வந்ததும் கேட்டேன். (என் உதவியாளர். தூரத்தில், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசம் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை லேசாக மடக்கி, ஆடாமல் நிற்பதால் வந்த பெயர். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வீட்டிலேயே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம்.)

"என்னய்யா ரப்பர் வாங்கிட்டு வந்தீங்க? மூஞ்சியைக் கிழிக்குது."

"போன ரப்பருக்கும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின ரப்பருக்கும். மரத்துக்கிட்டயே போய் நேரா பால் எடுத்துட்டு வரட்டுமா அண்ணே?"

வேஸ்லின் தடவிக்கொண்டு மீதி நான்கு கற்களை முடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

ஐபீஸுக்கு மனைவி வெல்வெட்டில் உறை தைத்துக் கொடுத்தாள். மூன்றாவது உறை. முதலில் பருத்தி, பிறகு ஃபிளானல். இது அவள் தையல் கடையில் யாரோ ஒருவரின் கோட்டுக் காலருக்கு வெட்டியதில் மிஞ்சிய கருநீலத் துண்டு. உள்ளே எலாஸ்டிக் வைத்து, கழற்றித் துவைக்கிற மாதிரி தைத்திருக்கிறாள்.

"எனக்குக்கூட இந்தத் துணியில ஒண்ணும் தைச்சுக்கல. உங்க கருவிக்கு வந்த வாழ்வைப் பாருங்க."

மார்ச் 10, திங்கள்

இன்று முதல் இடது கண். ஐபீஸ் அந்த இடத்தைத் தொடவே கூடாது. தொடாமல் இருந்தால் ஆறிவிடும். நான்கு வாரம் கொடுத்துப் பார்க்கிறேன்.

முப்பத்தொரு வருடம் சும்மா இருந்த இடது கண், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி திருதிருவென்று முழிக்கிறது. வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. தூரத்தில் நின்றுகொண்டு கொக்கு வாக்கிடாக்கியில் கேட்டார்: "அண்ணே, தூங்கிட்டீங்களா?"

மார்ச் 19, புதன்

காலையில் பொருக்கு தானாக உதிர்ந்தது. சந்தோஷப்பட்டேன். மதியம் மறுபடி கசிவு.

ஏப்ரல் 2, புதன்

கண்ணாடி முன் நின்று, சின்ன அளவுகோலை மூக்கில் வைத்து அளந்தேன். குறுக்கே 7 மில்லிமீட்டர். இதே நோட்டில் ஜனவரி 12-ஆம் தேதி எழுதியிருப்பது: 5 மில்லிமீட்டர். ஓரம் சற்று உயர்ந்து முத்து மாதிரி மினுங்குகிறது. நடுவில் சிறு பள்ளம். ஓரத்தில் மூன்று நான்கு கரும்புள்ளிகள். வலி இல்லை. ஆரம்பத்திலிருந்தே வலி இல்லை.

இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வசதியாக மறந்துவிடுவேன். ஒரு கோணத்தை நாங்கள் ஒருமுறை நேராக எடுப்போம். பிறகு தொலைநோக்கியைத் தலைகீழாகப் புரட்டி மறுமுறை எடுப்போம். பிழை கருவியில் இருக்கிறதா, வேறு எங்காவது இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்டது. கண்ணை மாற்றி நான் செய்ததும் அதே சோதனைதான். இருபத்து மூன்று நாளாக ஐபீஸ் இடப்பக்கம்தான் உரசுகிறது. அங்கே ஒரு சிராய்ப்புகூட இல்லை. வலப்பக்கத்தை எதுவும் தொடவில்லை. அது ஆறவும் இல்லை.

அப்படியென்றால் பிழை கருவியில் இல்லை.

இது எனக்குப் பத்தாவது நாளே தெரியாதா என்ன?

ஏப்ரல் 3, வியாழன்

கொக்குவிடம் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு என் மூக்கை நன்றாகப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட போங்கண்ணே. கருவி மேல பழி போட்டா அது வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லாது. அதான் உங்களுக்கு வசதியா இருந்துச்சு."

ஏப்ரல் 9, புதன்

தோல் டாக்டர். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. கையில் சிறு குழாய் ஒன்றை வைத்திருந்தார், முனையில் வில்லையும் விளக்கும். அதை என் மூக்கில் பதித்து, மறுமுனையில் ஒரு கண்ணை வைத்து, மற்ற கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக நான் ஐபீஸின் மறுபக்கத்தில் இருந்தேன்.

"எத்தனை நாளா இருக்கு?"

"எட்டு மாசம். கருவி உரசி வந்த புண்."

"உரசல் நின்னா ஆறணுமே சார்."

"நிறுத்திட்டேன். நாலு வாரமா இடது கண்ணாலதான் பார்க்கறேன்."

குழாயை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சோதனையை நீங்களே சரியாப் பண்ணியிருக்கீங்க. முடிவை மட்டும் நம்பல."

ஊசி போட்டு மரக்கவைத்து, ஓரத்தில் அரிசிமணி அளவு சதை எடுத்தார். ஒரு வாரத்தில் முடிவு வரும். என்னவாக இருக்கும் என்று கேட்டேன். சந்தேகம் இருக்கிறது, உறுதியாகாமல் பெயர் சொல்ல மாட்டேன் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. நானும் ஒரு கல்லை இரண்டு இடத்திலிருந்து பார்க்காமல் அதன் இடத்தைச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் எப்படி மறைப்பது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். மூக்கின் நடுவில் பிளாஸ்டரை வைத்துக்கொண்டு எதை மறைப்பது? கதவைத் திறந்ததுமே மனைவி, "யார்கிட்ட அடி வாங்கினீங்க?" என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பேசல் செல் கார்சினோமா.

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், அதிலிருந்து பார்த்து எழுதுகிறேன். தோலின் மேலடுக்கில் அடிமட்டத்தில் இருக்கும் செல்களில் வருகிற புற்று. தோல் புற்றுகளிலேயே அதிகம் பேருக்கு வருவது. மெதுவாக வளரும். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும். விட்டால் குருத்தெலும்பு, எலும்பு என்று கீழே இறங்கும்.

கேட்டேன்: "எங்களை மாதிரி கருத்த தோலுக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்வாங்களே?"

"குறைவா வரும். வராதுன்னு யாரும் எழுதித் தரல. நம்ம தோல்ல வந்தா இப்படிக் கருப்பா வரும். மச்சம்னு நினைச்சு விட்டுடுவாங்க. முப்பது வருஷம் வெயில்ல நின்னிருக்கீங்க, ஒரு தொப்பிகூட இல்லாம."

தொப்பியின் விளிம்பு கருவியில் இடிக்கும். அதனால் போடவே மாட்டேன். அதையும் சொன்னேன். தலையாட்டி எழுதிக்கொண்டார்.

உயிருக்குப் பயமில்லை என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறைதான் காதில் விழுந்தது. பயம் வேறு இடத்தில். கண்ணின் உள்மூலையில், கீழ் இமை ஓரத்தில், ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கிறது. கண்ணீர் அது வழியாகத்தான் மூக்குக்குள் வடிகிறது. புற்றின் ஓரத்துக்கும் அந்தத் துளைக்கும் நடுவே வெளியே தெரிகிற இடைவெளி நான்கு மில்லிமீட்டர். உள்ளே எவ்வளவு என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் துளையும் சேர்ந்து போனால் வலது கண்ணில் எந்நேரமும் நீர் வழியும். குழாய் வைத்துப் பார்க்கலாம், சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது.

நீர் வழிகிற கண்ணால், கருவிக்குள் தெரியும் குறுக்கிழையைக் கல்லின் நடுவில் வைக்க முடியாது. அவ்வளவுதான். என் வேலையே அந்தக் கண்தான்.

எட்டு மாசம்! ஒரு கல்லு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தா மூணு கிலோமீட்டர் திரும்ப நடந்து போய் அளக்கிற ஆளு நான். மூஞ்சியில வளர்றதை அளந்து நோட்டுல எழுதி வச்சுட்டு, ரப்பர் சரியில்லன்னு சொல்லிட்டு... என்ன புத்தி இது? அஞ்சு மில்லிமீட்டர் இருக்கும்போதே போயிருந்தா?

மனைவியும் கூட வந்திருந்தாள். வெளியே படிக்கட்டில் நின்று சொன்னாள்:

"நோய்க்கு மூணு சட்டை தைச்சுக் கொடுத்திருக்கேன் நான். அதுல ஒண்ணு வெல்வெட்டு."

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

கொக்குவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முக்காலியை மடக்கிக்கொண்டே கேட்டார். வண்டியில் கருவிப் பெட்டியை ஏற்றி வைத்த பிறகு:

"அப்ப ரப்பர் மேல குத்தமில்ல?"

"இல்ல."

"எழுதிக் குடுங்க."

"எதை?"

"குத்தமில்லன்னு. எட்டு மாசமா என்னை என்ன பாடு படுத்தினீங்க. நாலு கடை ஏறி இறங்கினேன். ஃபீல்டு புக்குல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பேச்சு விளையாட்டுத்தான். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்த பெல்ட்.

"முதல்ல கண்ணு தப்பட்டும். எழுதறேன்."

ஏப்ரல் 24, வியாழன்

தேதி கிடைத்தது. மே 6. டாக்டர் செவ்வாய்க்கிழமைகளில் இந்த ஒரு வகை அறுவையை மட்டும் செய்கிறார். தாராளமாக ஓரம் விட்டு மொத்தமாக வெட்டுவது ஒரு முறை. முதுகு, கை என்றால் அது போதும். கண் பக்கத்தில் அப்படித் தாராளம் காட்ட இடமில்லை. அதனால் மெல்லிய தட்டாக ஒரு சுற்று வெட்டி, பக்கத்து அறையிலேயே உறையவைத்துச் சீவி, அதன் ஓரம் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்ப்பார். எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே மட்டும் மறுபடி. சுத்தமாகும் வரை. நான் விழித்துக்கொண்டேதான் இருப்பேன்.

அளவையில் நாங்கள் செய்வதும் இதுதானே, பிழை தெரிகிற இடத்தை மட்டும் மறுபடி அளப்பது. இந்த முறையைக் கேட்டதும் டாக்டர் மேல் நம்பிக்கை வந்தது. கண் மேல் இன்னும் வரவில்லை.

மே 5, திங்கள்

கருவியைத் துடைத்து அலுவலகத்தில் ஒப்படைத்தேன். வலது கண்ணால் ஒருமுறை எதிர்க் கட்டடத்தின் இடிதாங்கி முனையைப் பார்த்துவிட்டு மூடினேன். காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது. அலகு தெளிவாகத் தெரிந்தது.

மே 6, செவ்வாய். மாலை

வலது கண் கட்டுக்கு அடியில் இருக்கிறது. இடது கண்ணால் எழுதுகிறேன். இரண்டு மாதப் பயிற்சி வீண் போகவில்லை.

வரிசையாக எழுதுகிறேன்.

எட்டரைக்கு மரக்க ஊசி. நான்கு குத்து. அந்த இடத்தில் அது மட்டும் சுகமில்லை. பிறகு அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை. பதினைந்து நிமிடத்தில் முதல் சுற்று. கட்டுப் போட்டு, மனைவி இருந்த காத்திருப்பு அறையில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர். காதில் பெரிய கட்டுடன் ஒரு லாரி டிரைவர். மேல் உதட்டில் கட்டுடன் ஓர் அம்மா. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவராம். அவரால் பேச முடியாது, கட்டைவிரலால் பதில் சொல்கிறார். டிரைவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறார்.

"எத்தனாவது சுத்து?"

"முதல்."

"எனக்கு ரெண்டு முடிஞ்சுது. ஜன்னல் பக்கத்துக் காது. இருபத்தெட்டு வருஷம் அந்தப் பக்கம் மட்டும் வெயில். இந்தப் பக்கத்துக் காதைப் பாருங்க, மாப்பிள்ளை மாதிரி இருக்கு." பிறகு குனிந்து, ரகசியம் போல: "ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. நர்ஸ் அந்தக் கதவுகிட்ட வரும்போது கையில தட்டு இருந்தா இன்னொரு சுத்து. வெறுங்கையா வந்தா முடிஞ்சுது, தையலுக்குக் கூப்பிடறாங்கன்னு அர்த்தம். முகத்தைப் பார்க்காதீங்க. அது எல்லாருக்கும் சிரிச்ச முகம்தான்."

விளையாட்டு டீச்சர் கட்டைவிரலை உயர்த்தி ஆமோதித்தார்.

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து நர்ஸ் வந்தார். தட்டு இருந்தது. என் பெயரைத்தான் சொன்னார்.

டாக்டர் படம் ஒன்றைக் காட்டினார். வெட்டிய துண்டின் வரைபடம். ஓரங்களில் நீலம், கருப்பு, பச்சை என்று மை அடையாளம், துண்டிலும் அதே மை. எது எந்தப் பக்கம் என்று குழம்பாமல் இருப்பதற்காம். இரண்டு இடத்தில் சிவப்பில் கோடு போட்டிருந்தார். மிச்சம் இருக்கும் இடங்கள். ஒன்று மூக்கின் பக்கம். ஒன்று கண்ணின் பக்கம்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதுல வடக்கு எது?"

"உங்க நெத்திதான் வடக்கு."

"அளவுகோல் போடலையே டாக்டர்."

"படுங்க சார்," என்றார். கையுறை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ் தோள் குலுங்கத் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது சுற்று. மறுபடி காத்திருப்பு அறை. டிரைவரைக் கூப்பிட நர்ஸ் வந்தபோது வெறுங்கை. அவர் எழுந்து நின்று, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். "நீங்களும் வெறுங்கைக்கு வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அறை அமைதியாகிவிட்டது. மனைவி கைப்பையிலிருந்து ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து, காஜா எடுக்க ஆரம்பித்தாள். நான் கதவைப் பார்க்கக்கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

தட்டு.

மூக்குப் பக்கம் சுத்தமாகிவிட்டது. கண் பக்கம் மட்டும் ஒரு சின்ன வில் போல மிச்சம். "துளைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். டாக்டர் இந்த முறை கேலி பேசவில்லை. "இப்போ மூணு மில்லிமீட்டர் இருக்கு. அதுல ஒண்ணு எடுக்கப் போறேன்." எண் சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

மூன்றாவது காத்திருப்பு. ஐம்பத்தைந்து நிமிடம். மனைவி ஆறு காஜா எடுத்து முடித்து, ஏழாவதைப் பிரித்து மறுபடி எடுத்தாள். அவள் காஜாவைப் பிரித்து நான் பார்த்ததே இல்லை. ஒருவேளை இன்னொரு வில். இன்னொரு மில்லிமீட்டர். அதற்குப் பிறகு ஒன்றுதானே மிச்சம். அதற்கும் பிறகு? அலுவலகத்தில் உட்கார்ந்து படம் வரைகிற வேலை கேட்கலாம். கொக்குவுக்குப் புது ஆள் போடுவார்கள். எவனாவது அவர் மேல் கத்துவான். நான்தான் கத்தவில்லையா என்ன...

விளையாட்டு டீச்சர் என் முழங்கையைத் தட்டினார். கதவைக் காட்டினார்.

நர்ஸ். இரண்டு கையும் சும்மா தொங்கின.

மனைவிதான் கேட்டாள்: "தையலுக்கா?" "தையலுக்குத்தாம்மா."

துளை தப்பியது. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில்.

குழியை மூடப் புருவங்களுக்கு நடுவே இருந்த தோலை முக்கோணமாக வெட்டி, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே திருப்பிக் கீழே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். இருபத்தாறு தையல். மனைவி டாக்டரிடம் எப்படித் திருப்பினார்கள் என்று கேட்டு, காற்றில் விரலால் வெட்டிக் காட்டிப் புரிந்துகொண்டாள். கடைசியில், "நாங்க கை இடுக்குல துண்டு வைக்கிற மாதிரிதான்" என்றாள். டாக்டர், "அதேதான்மா" என்றார். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள்.

கை வலிக்கிறது. போதும்.

மே 7, புதன்

இரண்டு கண்ணும் வீங்கிப் பாதி மூடியிருக்கின்றன. குத்துச்சண்டையில் தோற்றவன் முகம். வலி மாத்திரைக்கு அடங்குகிறது.

மே 9, வெள்ளி

கட்டு மாற்றும்போது மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலை ஆராய்ந்தாள். "எட்டிலேருந்து பன்னெண்டு வரைக்கும் கொஞ்சம் நெருக்கமா போட்டிருக்காங்க. மத்தபடி நல்ல கை." டாக்டருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய சான்றிதழ் இதுதான். அவருக்குத் தெரியாது.

மே 11, ஞாயிறு

வலது கண்ணில் நீர்.

மே 12, திங்கள்

இன்றும் நீர். துடைத்தால் மறுபடி நிறைகிறது. துளையைத் தொடவில்லை என்றார்களே. மரத்திலிருந்த காக்கையைப் பார்த்தேன். கலங்கிய கருப்பு, அவ்வளவுதான். வீக்கமாக இருக்கும் என்கிறாள் மனைவி. வீக்கமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால்? வேண்டாம், அளக்காமல் எதையும் எழுதக்கூடாது.

மே 13, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. நீர் வழிவதைச் சொன்னேன். வீக்கம் உள்ளே குழாயை அழுத்தலாம் என்றார் டாக்டர். ஒரு வாரம் பொறுத்து, கண் டாக்டரிடம் போய்ப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரமாம். சுலபமா சொல்லிட்டாங்க.

மே 20, செவ்வாய்

கண் டாக்டர் அந்த ஊசிமுனைத் துளைக்குள் மழுங்கிய ஊசியால் உப்புத் தண்ணீரை மெல்லச் செலுத்தினார். "தொண்டைக்கு ஏதாவது வந்தா சொல்லுங்க" என்றார். காத்திருந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இமையோரம் தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. நர்ஸ் பஞ்சால் துடைத்தார். "இன்னும் கொஞ்சம்," என்று டாக்டர் அழுத்தினார்.

தொண்டையில் உப்புக் கரித்தது.

"உப்பு!" என்று கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த மனைவி பயந்து கதவைத் திறந்துவிட்டாள்.

வழி திறந்திருக்கிறது. வீக்கம் வடிய வடியச் சரியாகும். வெளியே வந்து ஒரு டீ குடித்தோம். சர்க்கரை போட்ட டீதான். எனக்கு நாள் முழுவதும் நாக்கில் அந்த உப்புதான். அதைவிட ருசியாக எதையும் சாப்பிட்டதாக நினைவில்லை.

மே 29, வியாழன்

நான்கு நாளாகக் கைக்குட்டை காய்ந்தே இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

வேலைக்குத் திரும்பினேன். அகல விளிம்புத் தொப்பி. மனைவி முன்பக்க விளிம்பை மட்டும் மேலே மடக்கிப் பொத்தான் போடுகிற மாதிரி மாற்றித் தந்திருக்கிறாள். கருவியில் பார்க்கும்போது மடக்கிக்கொள்ளலாம், நிமிர்ந்ததும் இறக்கிக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடமாக இது யாருக்கும் தோன்றவில்லை. வெயிலைத் தடுக்கும் களிம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கொக்குவுக்கும் ஒரு டப்பா கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றார். பூசிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா?"

"இல்லண்ணே... புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு இருக்கும்ல, கோபக் கோடு? அந்தத் தோலைத்தான் வெட்டிக் கீழ வச்சுட்டாங்களா?"

"ஆமா."

"அதான். இனிமே நீங்க திட்டினாலும் திட்டற மாதிரியே தெரியாது."

வலது கண்ணால் முதல் பார்வை. குறுக்கிழை, அதன் நடுவில் பிரிசம், அதன் பின்னால் ஒரு காலை மடக்கிய கொக்கு. தெளிவு. ஐபீஸில் உறை எதுவும் போடவில்லை. கொக்கு கடைசியாக வாங்கிய ரப்பர் வளையம்தான். தழும்பின் மேல் மெத்தென்று உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்று மாதச் சோதனை. சுத்தம். ஒன்று வந்தவர்களுக்கு வேறு இடத்தில் இன்னொன்று வர வாய்ப்பு உண்டு, வருடா வருடம் தலை முதல் கால் வரை காட்ட வேண்டும் என்றார். வரட்டும். இந்த முறை அளந்து எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை.

கொக்குவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். பிடரியில் ஒரு கருப்பு இருந்தது. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வயசாவதால் வருகிற மரு, ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும், "எனக்கு வயசாச்சுன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரு, அதைக் கேக்கறதுக்கு எனக்கு அரை நாள் லீவு" என்று பஸ் வரும்வரை முனகினார். முனகிக்கொண்டே இரண்டு முறை பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நவம்பர் 6, வியாழன்

சாலை வேலை தொடங்கப் போகிறது. தொடங்குமுன் சில கற்களை மறுபடி சரிபார்க்கச் சொன்னார்கள். அதில் ஒன்று பன்னிரண்டாவது கல்.

வலது கண்ணால் எடுத்தேன். நேராக ஒருமுறை, புரட்டி ஒருமுறை. மார்ச் 4-இல் எடுத்ததற்கும் இன்று எடுத்ததற்கும் வித்தியாசம் கோணக் கணக்கில் இரண்டு விநாடி. அந்தத் தூரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஃபீல்டு புக்கைத் திறந்திருந்தேன். முப்பத்தொன்றாம் பக்கம். ரத்தச் சொட்டு பழுப்பாகி, ஓரம் கறுத்து, எண்ணின் மேல் படாமல் பக்கத்தில் இருந்தது. அதற்கு நேரே குறிப்பு எழுதும் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன்: "ரப்பர் வளையத்தில் குறை எதுவும் இல்லை. வாங்கியவர் மேலும் இல்லை." கீழே கையெழுத்துப் போட்டு, கொக்குவைக் கூப்பிட்டு நீட்டினேன்.

கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். இரண்டாவது வரியில் கொஞ்சம் நின்றார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"தேதி போடலையே அண்ணே."

போட்டேன்.